பசை அறையின் காற்று

மார்ச் 3
செருப்புத் தொழிற்சாலை ஒன்றின் கோப்பை எங்கள் தொழிலாளர் பாதுகாப்பு ஆய்வகத்தின் தலைவர் என் மேசையில் வைத்தார். பசை அறையில் வேலை பார்க்கும் பெண்களுக்கு விரல் மரத்துப்போகிறதாம். முகவரியைப் பார்த்ததும் சொல்லிவிட்டேன். "சார், அங்க என் தம்பிதான் சூப்பர்வைசர்."
"அப்போ காத்து சாம்பிள வேற ஆள் எடுக்கட்டும். கணக்கு நீங்க போடுங்க, இன்னொருத்தர் சரிபார்க்கட்டும். கலவைக் கணக்கு தெரிஞ்சவங்க இங்க வேற யாரு இருக்கா?"
தம்பியிடம் சொல்லக் கூடாது. எனக்கென்று இருப்பதே அவன் ஒருவன்தான்.

மார்ச் 9, ஞாயிறு
வழக்கம்போல மதியச் சாப்பாட்டுக்கு வந்தான். அவனே ஆரம்பித்தான்.
"உன் ஆபீஸ்காரங்க வந்து காத்தப் புடிச்சுட்டுப் போனாங்க அக்கா. எங்க கம்பெனியே முன்னாடி அளந்து பாத்துச்சு, எந்த ரசாயனத்த எடுத்தாலும் வரம்புக்குள்ளதான் இருக்கு. அப்புறம் என்ன?"
"தனித்தனியா பாத்தா எல்லாரும் நல்லவங்கதான்டா. ஒரே வீட்டுல அடைச்சு வச்சா?"
"ஓ, நம்ம சொந்தக்காரங்க மாதிரியா!" என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.
கிளம்பும்போது சட்டைப் பித்தானோடு மல்லுக்கட்டினான். பார்த்துக்கொண்டே நின்றேன். கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை?

மார்ச் 14
முடிவுகள் வந்தன. பசை அறைக் காற்றில் மூன்று ரசாயனங்கள். ஒன்று அதன் வரம்பில் பாதி. இன்னொன்று மூன்றில் ஒரு பங்கு. மற்றொன்று கால் பங்கு. தனியாக ஒன்றின் மேலும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் மூன்றும் போய் உட்காருவது ஒரே நரம்பில். பங்குகளைக் கூட்டினால் ஒன்றைத் தாண்டுகிறது, அதாவது மொத்தமாக வரம்பு மீறல்.
அதுகூடக் குறைவான கணக்கு. அதில் ஒன்று தனியாக இருந்தால் நரம்பைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. பக்கத்தில் இருப்பதன் விஷத்தைத்தான் ஏற்றிவிடும். ஏற்றிவிட்டு வேடிக்கை பார்க்கிற ஜாதி.

மார்ச் 15
அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 21
பசை அறைக்குப் பூட்டு. நல்ல காற்றோட்டம் அமைக்கும்வரை திறக்கக் கூடாது என்று உத்தரவு. முதலாளிக்கு அந்தச் செலவில் விருப்பமில்லை, ஆட்களை வேலையை விட்டு அனுப்பிவிட்டார். தம்பியையும்.
அவன் போனில் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.
"ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல அக்கா?"
"சொல்லக் கூடாதுடா—"
"சரி. நீங்க உங்க வேலையப் பாத்தீங்க. இனிமே எங்க வேலைய நாங்க பாத்துக்கறோம்."
'நீ' என்று கூப்பிட்டவன். 'நீங்க'வாம்.

ஏப்ரல் 6, ஞாயிறு
பழக்க தோஷம், இரண்டு பேருக்குச் சமைத்துவிட்டேன். இரவும் அதையே சாப்பிட்டேன்.

ஏப்ரல் 17
பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண் வழிமறித்தாள். பசை அறையில் இருந்தவளாம். "கை சரியாகும்னு சொல்றாங்க. சரியான கைய வச்சு என்ன பண்றது, வேலை இல்லயே?"
செய்தது சரி. ஆயிரம் தடவை கேட்டாலும் சரிதான். சரியா இருந்துட்டு இப்படி ஒத்தையா உக்காந்திருக்கேனே, அதுக்கு யார்கிட்ட கணக்குக் கேக்க?

மே 11
இன்று யாரிடமும் பேசவில்லை என்பது படுக்கும்போதுதான் தெரிந்தது.

மே 28
தம்பி மனைவி போன் செய்தாள், குரலைத் தாழ்த்திக்கொண்டு. "அண்ணி, நான் பேசினது அவருக்குத் தெரிய வேணாம். நரம்பு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். இன்னும் ஆறு மாசம் அங்க இருந்திருந்தா நடையே போயிருக்கும்னு சொன்னாரு. இப்போ மெதுவா தேறுமாம்."
"அவன் என்ன சொன்னான்?"
"வழியெல்லாம் ஜன்னலப் பாத்துக்கிட்டே வந்தாரு."
போனை வைத்துவிட்டு அழுதேன். நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 22
தம்பிக்கு ஒரு பெயின்ட் பட்டறையில் வேலை கிடைத்துவிட்டதாம். அவன் மனைவிதான் சொன்னாள். பெயின்ட்! அதிலும் இதே மாதிரி ஆவிகள்தான். கண்ணைத் திறந்துகொண்டே கிணற்றில் விழுகிறானே. போய்ச் சொல்ல நான் யார்? நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

ஜூலை 8
மாலை அலுவலகத்திலிருந்து கிளம்பும் நேரம், போன் அதிர்ந்தது. தம்பி. வார்த்தை ஒன்றும் இல்லை, வெறும் படங்கள். பட்டறை டப்பாக்களின் லேபிள்கள், சின்ன எழுத்தும் தெரிகிற அளவு நெருக்கத்தில். ஒன்று கலங்கியிருந்தது, அதை மட்டும் மறுபடி எடுத்து அனுப்பியிருந்தான்.
"எல்லாம் ஒரே ரூம்லயா?" என்று எழுதினேன்.
"ஆமா."
கொஞ்சம் கழித்து: "ரெண்டு ஜன்னல் இருக்கு. போதுமா? நீ பாத்து சொல்லு."
பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.