ரங்கூன் இல்லை, ரத்தினம்!

சண்டை போட ஆளில்லாமல் என்னைத் தவிக்க விட்டுப் போன அன்பு மச்சான் ரத்தினத்துக்கு,

முதலில் சந்தோஷச் செய்தி. பழைய சாமான் விற்கும் காராங்குனிக்காரரிடம் நீ வாங்கி வந்த அந்தக் காலத்து வெள்ளித் தகட்டுப் புகைப்படம் நம் சிங்கப்பூரேதான். நீ சொன்னது சரி!

நீ கொண்டுபோய்க் காட்டிய அன்று அருங்காட்சியக அதிகாரி என்ன சொன்னார், நினைவிருக்கிறதா? குன்றும் ஆறும் பக்கம் மாறியிருக்கின்றன, இது வேறு ஏதோ துறைமுகம் என்று திருப்பிக் கொடுத்தார். "நம்ம ஊருதான்லா!" என்று நாம் டீ குடிக்கும் சரபத் கடையில் நீ கத்தக் கத்த, "ரங்கூனா இருக்கும்" என்று சிரித்தார் நம் கூட்டாளி மூர்த்தி. இங்கே இருக்கிற ரங்கூன் ரோட்டில்கூடக் குடியிராத உனக்கு 'ரங்கூன் ரத்தினம்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. உன் சாவு வீட்டிலும் அவர் அப்படியே சொன்னார். உன் தங்கை அழுகையை நிறுத்திவிட்டு முறைத்தாள். "எங்கண்ணன் புளுகுனதில்ல. அத நீங்கதான் நிரூபிக்கணும்" என்று அன்றிலிருந்து என் உயிரை எடுத்தாள்.

போன வாரம், தகட்டுக்குச் சட்டம் போடப் போகிற வழியில் சிராங்கூன் சாலைச் சலூனில் உட்கார்ந்தேன். மடியில் நிமிர்த்திப் பிடித்த தகடு. ஒரு கன்னம் மழித்தாயிற்று. எதிர்க் கண்ணாடியில் பார்க்கிறேன்: குன்று இந்தப் பக்கம், ஆறு அந்தப் பக்கம், அப்படியே நம் ஊர்! துள்ளி எழுந்தேன். "அண்ணே, கையில கத்தி இருக்குலா!" என்று அலறினார் சலூன்காரர்.

பாதி முகம் நுரையோடு அதிகாரி முன்னால் போய் நின்றேன். தகட்டைக் கண்ணாடியில் காட்டியதும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்தக் காலத்தில் தகட்டிலேயே நேராக எடுத்த படங்கள் இடம் வலம் மாறித்தான் விழுமாம். அவருக்கும் தெரியுமாம், அன்றைக்குத் தோன்றவில்லையாம்! பழைய வரைபடத்தை விரித்து, ஆற்றின் வளைவையும் கரையோரக் கட்டடங்களையும் கண்ணாடியில் ஒப்பிட்டுப் பார்த்தார். எல்லாம் பொருந்தின. ஊரின் மிகப் பழைய படங்களில் இதுவும் ஒன்றாம்.

இன்னும் கொஞ்ச நாள் இருந்து இதைக் கேட்டிருக்கக் கூடாதா, மச்சான்? உன் தங்கை சிரித்துக்கொண்டே அழுதாள். நானும்தான்.

படத்தைக் காட்சிக்கு வைத்த அன்று சரபத் கடைக் கூட்டமே வந்திருந்தது. கண்டெடுத்தவர் பெயர் என்னவென்று ஒருவர் கேட்க, மூர்த்தி முந்திக்கொண்டு "ரங்கூன்..." என்று ஆரம்பித்தார். உன் தங்கை திரும்பிப் பார்த்தாள். "ரத்தினம். வெறும் ரத்தினம்தான் சார்" என்றார் மூர்த்தி.

ஞாயிறுதோறும் அவளை அங்கே கூட்டிப் போவேன், இது சத்தியம். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "எங்கண்ணன் கண்டெடுத்த படம்" என்று அவள் சொல்லட்டும். நான் கண்ணாடி பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன்.

இப்படிக்கு,
உன் தங்கை வீட்டுக்காரன்