கண்ணாடிக் குடிலில் நான் அடைத்த ஜன்னல்

தோர்ன்பெக், யார்க்‌ஷயர்
மார்ச் 9, ஞாயிறு

அன்பு மகள் ரோவெனாவுக்கு அப்பா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, முழங்கால் வலிகூடத் தேவலை, மனசுதான் சரியில்லை. நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே? நியூசிலாந்தில் கோடை முடிந்திருக்கும், வெயில் தாக்காமலிருக்கச் செடிக் குடிலின் கண்ணாடியில் பூசிய வெள்ளையை மறக்காமல் துடைத்துவிடு. நான் சோம்பேறித்தனமாய் விட்டுவிட்டேன், குளிர்காலத்தில் வந்த கொஞ்சநஞ்ச வெளிச்சத்தையும் அது மறைத்துவிட்டது.

ஜனவரியில் எழுதிய கடிதத்தில் உன் ஜெரேனியம் பூச்செடி பன்னிரண்டு தொட்டியும் சௌக்கியம் என்று எழுதினேனே, அது பொய். அப்போதே ஒன்றுகூட உயிரோடு இல்லை. ஆறு வருஷம் மகரந்தம் சேர்த்து, விதை போட்டு, தேறாததைக் கழித்துக் கழித்து நீ உருவாக்கிய செடி, உலகத்தில் வேறெங்கும் கிடையாது, என்னை நம்பி விட்டுவிட்டுப் போனாய். கோடையில் ஒழுங்காகத்தான் பார்த்தேன், சூடு தணியத் தினம் இரண்டு தடவை தரையை நனைத்தேன், கதவைத் திறந்துவைத்தேன், வெயில் ஏறினால் கூரை ஜன்னல் தானே திறந்துகொள்ளும். குளிர் வந்ததும்தான் புத்தி கெட்டது. குளிர் புகாமலிருக்கக் கண்ணாடிக்கு உட்புறம் குமிழி வைத்த பிளாஸ்டிக் ஒட்டுவோமே, அதற்குத்தான் “பபுள் ஷீட் ஒட்டுறப்போ ஜன்னலுக்குத் தனித் துண்டு போடுங்கப்பா, அது திறந்து மூடணும்” என்று ஃபோனில் இரண்டு முறை சொன்னாய். முப்பது வருஷம் தக்காளி போட்டவன், எனக்கே பாடமா என்று நினைத்து, ஜன்னலையும் சேர்த்து ஒரே ஷீட்டாக இழுத்து, இடுக்கு விடாமல் டேப் போட்டு ஒட்டினேன். உள்ளே மண்ணெண்ணெய் ஹீட்டர், அது சூட்டோடு ஈரத்தையும் கக்குமென்று தெரியாதவனா நான்? கிறிஸ்துமஸுக்கு உன் சித்தப்பா வீட்டில் மூன்று நாள் இருந்துவிட்டு வந்து பார்த்தால் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர், செடியெல்லாம் சாம்பல் பூஞ்சணம், தண்டைத் தொட்டால் கூழ். குளிர் ஒன்றையும் தொடவில்லை, நான்தான் மூச்சு முட்ட வைத்துக் கொன்றேன்.

அடுத்த வீட்டு மேவிஸை நான் என்ன பேசினேன் என்று உனக்குத் தெரியும். நம் தோட்டம் பார்க்க வந்தவர் உன் செடியில் ஒரு கிளையைக் கிள்ளிக் கைப்பையில் போட்டுக்கொண்டதற்கு, போன ஆகஸ்ட் மலர்க்காட்சியில் கேக் மேசை முன்னால் ஊரே கேட்கத் திருடி என்றேன். அதோடு பேச்சுவார்த்தை நின்றது. இப்போது அந்தக் கிளைதான் மிச்சம். இரண்டு மாதமாக அவர் கேட் வரைக்கும் போவதும் திரும்புவதுமாக இருந்தேன், முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? புதன்கிழமை எப்படியோ போய்க் கதவைத் தட்டிவிட்டேன். “வாங்க மிஸ்டர் ஆஷ்வொர்த், போலீஸைக் கூட்டிட்டு வரலையா?” என்றார். விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பின்பக்கம் தன் குடிலுக்கு அழைத்துப் போனார். அங்கே ஜன்னலுக்குத் தனித் துண்டு, விரலளவு திறந்து வேறு இருந்தது. கீழே அந்த ஒரு கிளையிலிருந்து வளர்த்த ஐந்து தொட்டியில் உன் செடி, இலையைத் தொட்டதும் அதே ஆரஞ்சுத் தோல் வாசனை. பெயர்ச்சீட்டில் பென்சிலால் ‘ரோவெனாவுடையது, திருடியது’ என்று எழுதியிருந்தார். “ஒண்ணு எடுத்துக்குங்க. ஆனா யார் முன்னாடி திருடின்னு சொன்னீங்களோ, அவங்க முன்னாடியே அதை வாபஸ் வாங்கணும்” என்றார்.

நேற்று தோட்டக்காரர் சங்கத்துக் கூட்டம், மலர்க்காட்சிக்கு வந்திருந்த அதே ஆட்கள். எழுந்தேன். என் மகள் செடியைக் கொன்றது நான், காப்பாற்றியது மேவிஸ், நான் சொன்ன வார்த்தை தப்பு என்றேன். பின்வரிசையிலிருந்து, “சத்தமா சொல்லுங்க கிளிஃப், கேக் மேசை வரைக்கும் கேக்கல” என்று மேவிஸ் குரல். மறுபடியும் சொன்னேன்.

ஒரு தொட்டி இப்போது சமையலறை ஜன்னலோரம் இருக்கிறது. மேவிஸிடம் தப்பை ஒப்புக்கொண்டாயிற்று, இனி உன்னிடம்தான் பாக்கி. ஜனவரிப் பொய்யை நினைத்தால் கூனிக் குறுகிப் போகிறேன். என்னை மன்னித்துவிடு அம்மா. இந்தச் செடியை என்னிடம் விடலாமா என்று நீயே சொல், கூடாது என்றால் மேவிஸிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன், கோபிக்க மாட்டேன். கடவுள் உங்கள் இருவரையும் ஒரு குறையும் இல்லாமல் வைக்கட்டும். குளிருக்கு ஷீட் ஒட்டும்போது ஜன்னலுக்குத் தனித் துண்டு போடு, நீ எனக்குச் சொன்னதுதான்.

வெட்கத்துடன்,
உன் அப்பா
கிளிஃபர்ட்