ஏலத்துக்கு வந்த உன் கிற்றார்

மச்சாள்,

சென்ற மாதம் ஒரு புதன்கிழமை முன்பள்ளியைப் பூட்டிவிட்டு, புதுக்குடியிருப்புச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபடி போனைத் திறந்தேன். நீயும் நானும் சேர்ந்திருந்த அந்த ஏலக் குழுவில் புதிதாக ஒரு படம் விழுந்திருந்தது. பழைய கிற்றார் ஒன்றை யாரோ பிளாஸ்டிக் கதிரையில் சாய்த்து வைத்துப் படம் பிடித்திருந்தார்கள். தந்திகளைப் பிடித்து வைத்திருக்கும் அடிக்கட்டையின் இரண்டு முனையிலும் இரண்டு வெள்ளைப் பொத்தான்கள். என் பழைய சட்டையிலிருந்து நீ பல்லால் நூலைக் கடித்து எடுத்தாயே, அதே பொத்தான்கள். பஸ் வந்து நின்றது. நான் ஏறவில்லை.

படத்தின் கீழே விபரம் இருந்தது. பொருள் வவுனியாவில் இருக்கிறது, ஞாயிறு பின்னேரம் நான்கு மணிக்கு ஏலம் முடியும், கடைசியாகக் கூட்டிக் கேட்டவருக்கே பொருள். சந்தியில் நின்றபடியே முடிவெடுத்துவிட்டேன். இது என்னிடம்தான் வரவேண்டும், இன்னொருவர் வீட்டுக்குப் போகக்கூடாது. நீ போய் ஒன்றரை வருடமாகிறது. உன்னுடையதென்று என்னிடம் இருப்பது இரண்டு சேலையும் கம்பி வளைந்த ஒரு குடையும்தான்.

முதலில் அதை எப்படி வாங்கினோம், ஞாபகம் இருக்கிறதா? பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து வாங்கில் இருந்தவள் நீ. பிறகு என் அண்ணனையே கட்டி மச்சாளாக வந்தாய். ஒட்டுசுட்டானிலிருந்து நீயும் உடையார்கட்டிலிருந்து நானும் ஒரே முன்பள்ளிக்கு ஆசிரியைகளாக வந்து சேர்ந்தோம். பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும்போது நான் தட்டும் தாளத்தைப் பார்த்து, "எடியே, நீ பாட்டுப் படிப்பிக்கிறியோ, மிளகாய் இடிக்கிறியோ?" என்று சிரித்தவள் நீ. அந்தக் கிழமையே, "கிற்றார் ஒண்டு வாங்குவம்" என்றாய். எங்கள் இருவருக்கும் அப்போது முப்பத்தாறு வயது. இருவருக்கும் அதை எந்தப் பக்கம் பிடிப்பதென்றுகூடத் தெரியாது.

புதியது வாங்கக் கட்டுப்படியாகாது என்றதும் நீ அந்த ஏலக் குழுவுக்குள் புகுந்தாய். மூன்று மாதம் ஒன்றையும் கேட்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாய். எது என்ன விலைக்குப் போகிறது, எவன் விற்ற சாமானுக்கு அடுத்த நாளே முறைப்பாடு வருகிறது, எவனுக்கு நன்றி சொல்லி எழுதுகிறார்கள் என்று ஒரு பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்தாய். எனக்குப் பொறுமை இல்லை. "வாங்கடி வாங்கு, பிறகு பாப்பம்" என்று நச்சரித்தேன். "நீ சும்மா இரு, அவசரக்காரிக்கு ஆக்கின சோறும் வேகாது" என்றாய்.

அந்த வெங்காயக் கதையை இப்போதும் முன்பள்ளியில் சொல்லிச் சிரிக்கிறேன். ஒருவன் பளபளவென்று ஒரு கிற்றாரின் படத்தைப் போட்டிருந்தான். "அண்ணை, பக்கத்திலை ஒரு வெங்காயத்தை வைச்சு இன்னொரு படம் எடுத்து அனுப்புங்கோ" என்று நீ எழுதினாய். எனக்கு வெட்கம். அவன் என்னென்னவோ சாட்டுச் சொன்னான். வெங்காயம் கடைசிவரை வரவில்லை. "கையிலை சாமான் இருந்தால் வெங்காயம் வைக்க எவ்வளவு நேரம் செல்லும்? எங்கையோ எடுத்த படத்தை ஒட்டியிருக்கிறான்" என்றாய். ஒரு மாதத்தில் அவன் குழுவிலிருந்தே காணாமல் போனான்.

இன்னொருவர் தன் கிற்றாருக்குப் பெரிய சரித்திரம் எழுதியிருந்தார். வெளிநாட்டிலிருந்து வந்ததாம், அப்பாவின் ஞாபகமாம், மனமில்லாமல் விற்கிறாராம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நீ அசையவில்லை. "கதைக்குக் காசு குடுக்கேலாது. மரத்துக்கு மட்டும்தான் குடுக்கலாம்" என்று சொல்லி, கிற்றாரின் அடியிலிருந்து கழுத்து நீளத்துக்கு ஒரு படம் கேட்டாய், தச்சர் ஒற்றைக் கண்ணை மூடிப் பலகை பார்ப்பாரே, அப்படி. கழுத்து வாழைமடல்போல் வளைந்து கிடந்தது. தந்திக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு இரண்டு ரூபாய் நாணயக் குத்திக்கு மேல் புகுந்தால் அது விரலைப் பதம் பார்க்கும் என்பதையும் அன்றுதான் எனக்குக் காட்டினாய்.

ஏலம் கேட்கச் சொந்தப் பெயர் போடக்கூடாது என்பதும் உன் சட்டம்தான். "இந்த ஊரிலை ஆர் கேக்கிறான் எண்டு தெரிஞ்சால், வேணுமெண்டே ஏத்திவிடச் சனம் இருக்கு." எனக்குச் செவ்வந்திப் பூப் படம் போட்டு, 'செவ்வந்தி' என்றே ஒரு கணக்குத் திறந்து தந்தாய். கேட்கத் தொடங்க முதலே மேல்விலையை உள்ளங்கையில் எழுதச் சொல்வாய். "இதைத் தாண்டினால் அது வாங்கிறதில்லை, வீம்பு."

இவ்வளவும் தெரிந்த நீயும் ஏமாந்தாய், அதுவும் எங்கள் ஆட்கள் மட்டுமே ஏமாறக்கூடிய விதத்தில். கொழும்பில் ஒருவரிடமிருந்து நல்ல கிற்றார் ஒன்றைப் பிடித்தோம். முல்லைத்தீவு பஸ்ஸில் போட்டுவிடச் சொன்னோம். முட்டை, தயிர்ச்சட்டி, மருந்து, உடையக்கூடாத எதுவானாலும் எங்கள் ஆட்கள் டிரைவருக்குப் பக்கத்தில், எஞ்சின் மூடிக்கு மேல்தானே வைப்பார்கள். நீயும் கொண்டக்டருக்குப் போன் எடுத்து, "தம்பி, அதை முன்னுக்கு வைச்சுப் பத்திரமாக் கொண்டு வாங்கோ" என்று கெஞ்சினாய். அந்தப் பிள்ளையும் சொன்னபடியே செய்தான். விடிய ஒட்டுசுட்டானில் இறக்கித் தரும்போது, "அக்கா, ஒருத்தரையும் தொட விடேல்லை" என்று பெருமையாகச் சொன்னான். இரவு முழுவதும் கொதித்த எஞ்சினுக்கு மேல் கிடந்த கிற்றாரின் பசை உருகி, இழுத்துக் கட்டியிருந்த தந்திகள் அடிக்கட்டையைப் பிய்த்துக்கொண்டு நின்றன.

நான் ஒப்பாரி வைக்காத குறை. நீ தலையில் கைவைத்து ஒரு நிமிடம் இருந்தாய், பிறகு சிரிக்கத் தொடங்கினாய். கதவு யன்னல் செய்யும் தச்சரிடம் கொண்டுபோய், கட்டையை ஒட்டி இரண்டு திருகாணி பூட்டி, ஆணியின் தலை தெரியாமல் என் பொத்தான்களை ஒட்டினாய். அனுப்ப முதல் தந்தியைத் தளர்த்தச் சொல்லவேண்டும், எஞ்சின் பக்கமே வைக்கக்கூடாது என்று அன்றே இரண்டு சட்டம் கூடியது. போனில் பார்த்துப் பார்த்து நீ பழகினாய், உன்னைப் பார்த்து நான் பழகினேன். விரல்களைச் சேர்த்து அமத்தும் நான்கு சுரக்கட்டு தெரிந்தால் முன்பள்ளிப் பாட்டு அத்தனையும் பாடலாம் என்று கண்டுபிடித்ததும் நீதான். வீட்டிலும் வாசிப்பாய். வயலால் வரும் அண்ணன் மட்டும், "தொடங்கியிட்டாள், டொங் டொங் எண்டு" என்று புறுபுறுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போவார்.

பிறகு உனக்குச் சிறுநீரக வருத்தம் வந்தது. வவுனியா ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தாய். விரல்கள் வீங்கின. ஒரு திங்கட்கிழமை வந்து பார்க்கிறேன், முன்பள்ளிச் சுவரில் கிற்றார் இல்லை. அதே குழுவில் விற்றுவிட்டாய். 'அடிக்கட்டை ஒருமுறை கழன்று திருத்தியது' என்று குறையை முதல் வரியிலேயே எழுதி விற்றாயாம். "சுவரிலை தொங்கிப் பூச்சி அரிக்கிறதிலும் பாக்க, ஆரும் வாசிக்கட்டுமன்" என்றாய். எனக்கு வந்த கோபத்தில் ஒன்பது நாள் உன்னோடு கதைக்கவில்லை. உனக்கும் எனக்கும் மிச்சமிருந்த நாட்கள் கொஞ்சம்தான் என்று தெரிந்திருந்தால் ஒன்பது நிமிடம்கூடப் பேசாமல் இருந்திருக்க மாட்டேன். அதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஆனபடியால்தான் மச்சாள், இந்த முறை ஒரு பிழையும் விடக்கூடாதென்று இறங்கினேன். விற்பவருக்குப் போன் எடுத்தேன். வவுனியாவில் பழைய சாமான் வாங்கி விற்கும் ஒரு முஸ்லிம் நானா. "வெங்காயம் ஒண்டு பக்கத்திலை வைச்சுப் படம் அனுப்புவீங்களோ நானா?" என்றேன். அந்தப் பக்கம் அலுமாரி திறந்து மூடும் சத்தம் கேட்டது. பிறகு, "வெங்காயம் இல்ல தங்கச்சி, தேசிக்காய் காணுமா?" என்றார். நல்ல மனிதர் என்று அப்போதே விளங்கிவிட்டது. என்றாலும் சனிக்கிழமை நேரில் போனேன்.

கழுத்தைக் கண்ணோடு வைத்துப் பார்த்தேன். தந்திக்குக் கீழே ரூபாய்க் குத்தியை விட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு கட்டமாக அமத்தி, இரைகிறதா என்று கேட்டேன். ஓட்டைக்குள் போன் வெளிச்சம் அடித்து உள்ளே வெடிப்புத் தேடினேன். நீ வைத்திருந்ததைவிட ஒரு கீறல்தான் கூட. பொத்தானில் கை பட்டபோது அதையே தடவிக்கொண்டு நின்றேன். "ஏன் தங்கச்சி, தெரிஞ்ச சாமானா?" என்று நானா கேட்டார். "இல்லை நானா, பொத்தான் வடிவாய்க் கிடக்கு" என்று முழுப்பொய் சொன்னேன். தெரிந்த சாமான் என்றால் விலை ஏறும் என்று எனக்குச் சொல்லித் தந்தது யார்?

ஞாயிறு பின்னேரம் மேல்விலையை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு குசினி வாசலில் குந்தினேன். மூன்றரை மணிவரை பொறுத்து, பிறகுதான் கேட்டேன். மூன்று நான்கு பேர் கழன்றுவிட்டார்கள். ஒருவன் மட்டும் விடவில்லை. 'வயல்காரன்' என்று பெயர் போட்டிருந்தான். வன்னியில் பாதிச்சனம் வயல்காரர்தானே, எனக்கு என்ன தெரியும்? நான் ஐந்நூறு கூட்டினால் அவன் ஆயிரம் கூட்டினான். கேள்வி இல்லை, நிதானம் இல்லை, மாடு வேலி பாய்வதுபோலப் பாய்ந்துகொண்டிருந்தான். உள்ளங்கை விலை வந்துவிட்டது. ஒரே ஒருமுறை அதைத் தாண்டினேன், உன் பெயரைச் சொல்லிக்கொண்டு. அடுத்த கணமே அவன் ஆயிரம் கூட்டினான்.

நிறுத்திவிட்டேன். நான்கு மணியானது. 'வயல்காரனுக்கு வாழ்த்துகள்' என்று நானா எழுதினார். நீ இருந்திருந்தால் நான் நிறுத்தியது சரி என்றுதான் சொல்லியிருப்பாய். சரியாகச் செய்த ஒன்றுக்காக நான் அப்படி அழுததே இல்லை. அந்த வயல்காரன் விளங்கவே மாட்டான் என்று மண்ணை அள்ளித் திட்டாத குறை.

வியாழக்கிழமை மீன்குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு ஒட்டுசுட்டானுக்குப் போனேன். அண்ணன் என்னைக் கண்டதும் கதவை மறித்துக்கொண்டு நின்றார். "என்னண்ணை, உள்ளுக்கு யானை நிக்குதோ?" என்று தள்ளிக்கொண்டு போனேன். உன் கட்டிலில் துவாய் விரித்து, அதற்கு மேல் கிற்றார் கிடந்தது. அதே இரண்டு வெள்ளைப் பொத்தான்கள்.

"ஏலத்திலை எடுத்தனான்," என்றார், களவு பிடிபட்ட பிள்ளைபோல. "உனக்குச் சொன்னால் பேசுவாய். அவளின்ரை போனை நான் இன்னும் சார்ஜ் போட்டு வைச்சிருக்கிறன். அதிலைதான் படம் வந்தது. அவளின்ரை பேரிலை கேக்க மனம் வரேல்லை, போன் கடையிலை வேறை பேர் திறப்பிச்சனான். லேசிலை கிடைக்கேல்லைத் தங்கச்சி. ஆரோ செவ்வந்தியாம், ஒரு விசரி, விடாமல் ஏத்திக்கொண்டே போனாள். அந்த மூதேவி இல்லாட்டி அரைவிலைக்கு எடுத்திருப்பன்."

"அந்த மூதேவி நான்தான்" என்றேன்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. மீன்குழம்புச் சட்டியை வைத்துவிட்டு நிலத்தில் இருந்து சிரித்தோம். சிரித்து முடிய நான் உன்னைப்போல விசாரணை தொடங்கினேன். போய்ப் பார்த்தீர்களோ? இல்லை. கழுத்துப் படம் கேட்டீர்களோ? இல்லை. காசு? முழுவதையும் அன்றைக்கே போட்டுவிட்டாராம்.

"பாக்காமலோ அண்ணை?"

"எங்கடை சாமானைப் பாக்க என்ன கிடக்கு?"

இந்தக் கேள்வி உன் சட்டத்திலேயே இல்லை, மச்சாள். அண்ணன் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார். "அவள் வித்த நேரம் நான்தானே அதைப் பஸ்ஸிலை ஏத்திவிட்டனான். அவளுக்கு ஏலாது, நீங்கள் கொண்டுபோய்ப் போட்டுவிடுங்கோ எண்டாள். நானும் சாக்குச் சுத்திக் குடுத்திட்டு வந்திட்டன். வேண்டாமெண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்லை. சத்தம் குறைஞ்சுதெண்டு நினைச்சனான். பிறகு வீடு கிடந்த கிடை உனக்குத் தெரியாது."

நீ அதை விற்றது பிழையடி. உன் சட்டமெல்லாம் தலைகீழாகத் தெரிந்தவள் சொல்கிறேன். வாங்க முதல் நூறு கேள்வி கேட்டாய், விற்க முதல் எங்கள் இருவரிடமும் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

கிற்றாருக்காக மறுபடி ஒரு சண்டை பிடித்தோம். எனக்கு வேண்டாம், நீ கொண்டுபோ என்றார் அவர். காசு போட்டவர் நீங்கள், உங்களுக்குத்தான் என்றேன் நான். கடைசியில் ஒரு ஒழுங்குக்கு வந்தோம். கிழமை நாட்களில் அது முன்பள்ளியில் என்னோடு இருக்கும். வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் தந்தியைத் தளர்த்தி, மடியில் வைத்துக்கொண்டு ஒட்டுசுட்டான் பஸ் ஏறுவேன். கொண்டக்டர் முன்னுக்கு வைக்கக் கேட்டால் கொடுக்கமாட்டேன். சனி, ஞாயிறு அவர் வீட்டில் அந்த நான்கு சுரக்கட்டையும் வாசிப்பேன். அவர் கிணற்றடிக்குப் போவதில்லை.

வெள்ளிக்கிழமைகளில் நான் இறங்கும்போது அண்ணன் பஸ் தரிப்பிடத்தில் சைக்கிளோடு நிற்பார். மழை வந்தாலும் நிற்பார். என்னிடம் சுகம்கூடக் கேட்பதில்லை. இரண்டு கையையும் நீட்டி அதை வாங்கிக்கொள்வார்.