டாக்டர் முன்னால் நான் சொன்ன பொய்

அன்புள்ள பெரியவனுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன், இங்கே நலமில்லை. டாக்டர் முன்னால் என்னைப் பொய் சொல்ல வைத்தாய். அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

தங்கை குழந்தைக்குத் தலையில் சேரும் நீரை வயிற்றுக்கு இறக்க வைத்தார்களே, அந்தக் குழாயில் கிருமி தொற்றி, நேற்று அதை எடுத்துவிட்டார்கள். இப்போது நீர் வெளியே ஒரு பையில் சொட்டுகிறது, பை இத்தனை உயரத்தில்தான் தொங்க வேண்டுமாம், அதனால் பிள்ளை அழுதாலும் நர்ஸைக் கேட்காமல் தூக்க முடியாது, உன் தங்கை கட்டிலோரம் நின்று ஒற்றை விரலைப் பிடிக்கக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். சேர்த்த அன்றே டாக்டர் வீட்டில் ஏதாவது மருந்து கொடுத்தீர்களா என்று கேட்டார். அவள் குனிந்து பிள்ளையின் போர்வையை இழுத்துவிட்டாள். நான்தான் முந்திக்கொண்டு, எனக்குத் தெரியாமல் ஒரு சொட்டு உள்ளே போகாது என்று மார்தட்டினேன். தலை நீரைச் சோதித்தால் சீழ் இருக்கிறது, எந்தக் கிருமி என்று பார்க்க லேபில் வளர்த்தால் கிருமி மட்டும் வளரவில்லை. நேற்று டாக்டர் திரும்பக் கேட்டபோதுதான் அழுதுகொண்டே சொன்னாள், காய்ச்சல் தொடங்கியதுமே அண்ணன் போனில் சொன்ன மருந்தை வாங்கிக் கொடுத்தேன் என்று. "அம்மாகிட்ட மூச்சு விடாதே, ஊரைக் கூட்டிடுவாங்க" என்றாயாமே. கூட்டித்தான் இருப்பேன், அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பேன். நீ பல் டாக்டர், அந்தப் பிள்ளைக்கு இன்னும் ஒரு பல்கூட முளைக்கவில்லையடா.

அரைகுறை மருந்தில் கிருமி பதுங்கிவிட்டதாம், எது என்று தெரியாததால் இருக்கிற ஊசியெல்லாம் போடுகிறார்கள். பாட்டிலைப் பயத்தில் குப்பையில் போட்டுவிட்டாள், ரோஸ் கலர் என்பதற்கு மேல் நினைவில்லை, மருந்துக்கடைக்காரரும் கையை விரித்துவிட்டார். நீயோ நேற்றிலிருந்து போனை எடுப்பதில்லை. என் மூத்த பிள்ளை டாக்டர் என்று இந்த வார்டில் சொல்லாத ஆள் கிடையாது, இப்போது அந்த முகங்களைப் பார்க்கவே கூசுகிறது. இதை மாப்பிள்ளையிடம் கொடுத்துத்தான் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறேன். அவரும் படிக்கட்டும்.

படித்த கையோடு டாக்டரைக் கூப்பிடு, வார்டு போன் நம்பரை மாப்பிள்ளை இதோடு சேர்த்து அனுப்புவார். மருந்தின் பெயர், எத்தனை மில்லி, எத்தனை வேளை, எல்லாம் உன் வாயால் சொல். பிறகு மாப்பிள்ளையிடம் பேசு, மறைக்கச் சொன்னது நீ என்று சொல், அவர் திட்டினால் கேட்டுக்கொள். தங்கை இனி யார் சொன்னாலும் டாக்டரைக் கேட்காமல் எதையும் கொடுக்க மாட்டாள், சத்தியம் வாங்கிவிட்டேன். என் பொய்யை நானே போய்த் திருத்திவிட்டேன், அது என் பங்கு. வேளாவேளைக்குச் சாப்பிடு, உடம்பு உனக்கும் உடம்புதான். பெற்றவள் ஆசி எப்போதும் உண்டு. ஆனால் டாக்டரிடம் பேசாமல் என்னைக் கூப்பிடாதே, எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா