தூரத்திலிருந்து அளந்த மலை

லுணுகலை, பதுளை
1913 மாசி

அங்கம்மாளுக்குச் சோலைமுத்து எழுதிக்கொண்டது. நான் சுகம். நீயும் அம்மாவும் நம் மகள் பேச்சியும் சுகம்தானா?

நேற்றுக் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் தோட்டத்துத் துரை ஒரு பத்திரிகைப் படம் காட்டினார். வெள்ளை வெளியில் மலை முகடுகள் மட்டும் வரிசையாகத் தலைநீட்டிக்கொண்டிருந்தன.

"நம்ம பள்ளத்து மூட்டந்தானுங்க, வெயில் ஏறினா கலைஞ்சிரும்," என்றார் வீரய்யா கங்காணி. நாங்களும் ஆமாம் போட்டோம். துரை சிரித்துவிட்டார். அது உலகத்தின் தென்கோடியாம். மூட்டமல்ல, கல்லாய் உறைந்த ஐஸாம். மலைத்தொடரே கழுத்துவரை அதில் புதைந்து கிடக்கிறதாம். மலைகளுக்கு நடுவே அந்த ஐஸ் ஆறுபோல மெல்ல நகர்ந்து கடலில் இறங்குமாம். மரமில்லை, ஊரில்லை. யாரும் கால்வைக்காத சிகரத்தைக்கூடத் தூரத்தில் நின்று கருவியால் பார்த்தே உயரம் சொல்லிவிட்டார்களாம்.

இங்கே அவ்வளவு குளிரில்லை, பயப்படாதே. கம்பளி இன்னும் கிழியவில்லை. சுண்டைவற்றல் கொஞ்சம் அனுப்பு. பதுளையில் பேச்சிக்குத் தண்டை செய்யச் சொல்லப்போகிறேன். அவள் கணுக்காலை நூலால் சுற்றி, முடிச்சுப் போட்டு அனுப்பு. முன்பு நீ அனுப்பிய நூல் இனி அவளுக்குப் பற்றாது.

தபால் பையைக் கட்டுகிறார்கள், நிறுத்துகிறேன். வளர்கிற பிள்ளை என்று முடிச்சைத் தள்ளிப் போட்டுவிடாதே. இப்போது இருக்கிற அளவுதான் எனக்கு வேண்டும்.

சோலைமுத்து