உங்கள் இடத்தில் வலைப் பை

என் வரிசைத் தோழர், பிஸ்கட் டின்னின் சொந்தக்காரர், அன்புப் பெரியப்பாவுக்கு,

நீங்கள் போய் ஏழு கிழமை. உங்கள் அறைக்குள் அம்மா இன்னும் போகவில்லை. நான் இரண்டு தரம் போனேன். பிஸ்கட்டுக்காக என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிஸ்கட் பொதுவுடைமை, என் சிப்ஸ் தனியுடைமை என்பதுதானே நம் ஒப்பந்தம்? இதில் எழுத்துப் பிழை கண்டால் சிவப்புப் பேனாவை எடுங்கள். சிவப்பைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

கதவுக்குப் பின்னால் அந்த வலைப் பை அப்படியே தொங்குகிறது. மொஸ்கோவில் எஞ்சினியரிங் படித்த ஐந்து வருடமும் கோட்டுக்குள் சுருட்டி வைத்திருந்தீர்களே, அதே பை. தட்டுப்பாட்டுக் காலம், எந்தத் தெருவில் என்ன விற்பனைக்கு வரும் என்று தெரியாதாம். வரிசையைக் கண்டால் முதலில் போய் நிற்க வேண்டும். என்ன விற்கிறார்கள் என்பதைப் பிறகு கேட்கலாம். ஒருமுறை பனிக்குள் இரண்டு மணித்தியாலம் நின்று முன்னுக்குப் போனால், வாழைக்காய். யாழ்ப்பாணத்தில் கிணற்றடியில் குலை குலையாகத் தொங்கியதை, அங்கே பல்வரிசை ஆட ஆட நின்று வாங்கி, பேப்பரில் சுற்றிச் சூட்கேசுக்குள் பழுக்க வைத்தீர்கள். இன்னொருமுறை பெண்கள் போடும் சப்பாத்து. அதையும் விடவில்லை. விடுதிச் சமையல்காரிக்குக் கொடுத்து, ஒரு மாதம் ஒரு கரண்டி சூப் கூடுதலாகக் குடித்தீர்கள்.

அப்ப நீங்கள் கம்யூனிஸ்ட்டோ என்று கேட்டேன்.

"வரிசையில நிக்கேக்க எல்லாரும் கம்யூனிஸ்ட்தான் பிள்ளை. கதவு திறந்தாப் பிறகுதான் ஆர் ஆரெண்டு தெரியும்."

இந்தக் கதையை வைத்துத்தான் அந்தக் குறும்பைச் செய்தேன். இங்கே லண்டன் எட்மண்டனில், பூட்டிக் கிடந்த கடை ஒன்றின் ஷட்டருக்கு முன்னால் நானும் இரண்டு சிநேகிதிகளும் வரிசையாக நின்றோம். பத்து நிமிடத்தில் ஏழு பேர் எங்களுக்குப் பின்னால். எட்டாவது ஆளாக நீங்கள், கையில் வலைப் பையோடு. வயிறு வலிக்கச் சிரித்தபடி ஓடி வந்து, இது சும்மா வரிசை என்று உங்கள் காதில் சொன்னேன்.

"தெரியும்" என்றீர்கள். "ஆனா நிக்க நல்லாயிருக்கு. முன்னுக்கு நிக்கிற இந்த அம்மா என்னோட கதைச்சுக்கொண்டிருக்கிறா."

என் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் யார் உங்களோடு கதைத்தார்கள்? அப்பாவுக்கு ஷிப்ட். அம்மாவுக்கு அலுப்பு. எனக்கு போன். உங்களுக்கு ரஷ்ய மொழி பாதிக்கு மேல் வரிசைகளில்தான் வந்தது என்றீர்கள். முப்பது வருட லண்டனில் உங்களுக்கு அப்படி ஒரு வரிசை கிடைக்கவில்லையா?

கிடைத்தது, கிளினிக்கில். வியாழக்கிழமைகளில் இரத்தம் சோதிக்கும் இடத்தில் நம்பரும் இல்லை, பெயர் கூப்பிடுவதும் இல்லை. வந்த ஒழுங்கை நாங்களே நினைவில் வைக்க வேண்டும். முதல் நாளே மொஸ்கோப் பழக்கத்தில் நடுவில் நின்று, "ஹூ இஸ் லாஸ்ட்?" என்று இங்கிலீசிலும் பிறகு ரஷ்ய மொழியிலும் கேட்டு என் மானத்தை வாங்கினீர்கள். எல்லோரும் போனுக்குள் தலையைப் புதைத்தார்கள். மூலையில் ஒரு கிழவி மட்டும் கையைத் தூக்கி ரஷ்ய மொழியில் பதில் சொன்னார். லாட்வியாக்கார நீனா. அதன் பிறகு வியாழன் வந்தால் ஒரு மணித்தியாலம் முந்தியே வெளிக்கிட்டீர்கள். உங்கள் ஊரில் சீனி எப்படி, எங்கள் ஊரில் சவர்க்காரம் எப்படி என்று இரண்டு பேரும் பழைய தட்டுப்பாடுகளைப் பலகாரம் போலப் பரிமாறிக்கொண்டீர்கள்.

இனி எழுதப் போவதுதான் கஷ்டம்.

நான் கூட வந்த கடைசி வியாழன். காற்று வேண்டும் என்று எழும்பினீர்கள். "என்ர இடத்தைப் பாத்துக்கொள். போட்டு வாறன்." நீங்கள் திரும்பி வரும்போது உங்கள் கதிரையில் என் காலை நீட்டி வைத்திருந்தேன். யார் நீங்கள், உங்களை எனக்குத் தெரியாதே என்று இங்கிலீசில் கேட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். ஆனால் அதற்கு முன் ஒரு கணம் உங்கள் முகம் இருந்ததே, நான் உண்மையாகவே உங்களை அறியாதவள் என்பதுபோல! நீங்கள் வாசல் பக்கம் திரும்பி, கடைசியாக வந்தவருக்குப் பின்னால் போய் நின்றீர்கள்.

பகிடிக்குப் பதில் பகிடி என்று நினைத்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்க, சொறி என்று ஒரு சொல். அதை வீட்டில் சொல்லலாம் என்று விட்டேன், நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். பதின்மூன்றாம் நாள் காலையில் நீங்கள் எழும்பவில்லை. அது வெறும் பகிடி என்று உங்களுக்குத் தெரியுமா, பெரியப்பா?

தகனச்சாலையில் பூப்போட எல்லோரும் முண்டியடித்தார்கள். என்னையறியாமல் நீங்கள் சொல்லித் தந்த இரண்டு சொல் வாயில் வந்தது. "க்தோ பஸ்லேத்னி?" யார் கடைசி? அம்மா முறைத்தா. பின்னால் இருந்து மெதுவாக, "யா." நான்தான் என்று அர்த்தம். சொன்னது நீனா. இரண்டு வியாழன் உங்களைக் காணாமல் விசாரித்து வந்திருந்தா. அவவுக்குப் பின்னால் போய் நின்றேன். அந்த நாளைப் பற்றி நீங்கள் ஏதும் சொன்னீர்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இப்போது பள்ளி விடுமுறை. வியாழன்தோறும் நீனாவோடு போகிறேன். போன கிழமை இடத்தைப் பார்த்துக்கொள் என்றுவிட்டு டாய்லெட்டுக்குப் போனா. கதிரையில் கையை வைத்தபடி, போனைத் தொடாமல், வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ வரப் பிந்தியது. கதிரையை விடாமல் எழும்பி நின்றேன். வந்துவிட்டா.

என் மற்றப் பக்கத்துக் கதிரையில், கதவுக்குப் பின்னாலிருந்து கொண்டுபோன உங்கள் வலைப் பை இருந்தது. யாராவது இருக்கிறார்களா என்று ஒருவர் கேட்டார். ஓம், வருவார் என்றேன். இந்த முறை பகிடிக்கு இல்லை. பள்ளிக்கூடம் திறந்தாலும் விடுமுறை நாட்களில் வருவேன், பையும் வரும், யார் கேட்டாலும் இதையே சொல்வேன்.

உங்களுக்குப் பின்னால் நிற்கும்,
உங்கள் தம்பியின் மகள்,
குழப்படிக்காரி