காலி கார் ஏறணும்

புதூர்நாடு
12 ஜூன் 2025

அன்புள்ள கோகிலவாணி அக்காவுக்கு,

சுவேதா எழுதறேன். நல்லா இருக்கீங்களா? ஆபீஸுக்குள்ள போனை விடமாட்டாங்கன்னு சொன்னீங்க, அதான் மெயில். உங்க வீடியோவுக்குக் கீழ நான் போட்ட கமெண்டுக்கெல்லாம் சலிக்காம பதில் சொன்ன ஒரே இன்ஜினியர் நீங்கதான். அதுவும் ஆலங்காயத்துக்காரங்க. இப்ப நீங்களே என்கிட்ட, "உங்க மலையில நல்ல சேத்து வளைவு எங்க இருக்கு"ன்னு கேட்டுட்டீங்க. எனக்குச் சோறே எறங்கல.

இருக்குது அக்கா. ஊருக்குக் கீழ ஒரு மண்ரோடு வளைவு. மழை பேஞ்சா எங்கப்பா ஜீப்பே திணறும்.

நீங்க அங்க சோதிக்கப்போற புது கார் சொகுசு ஹேட்ச்பேக், சின்ன வண்டி, ஆனா பின்சக்கரம் தள்ளுது. எஞ்சினை நெட்டுவாக்குல வெச்சு, பாதி எடை முன்னால, பாதி பின்னால. முன்சக்கரத்துக்குத் திரும்பற வேலை மட்டும். இதை எங்கம்மாவுக்கு அடுப்பாண்ட நின்னு விளக்கினேன். "ஆட்டுக்குத் தண்ணி காட்டினியா"ன்னு கேக்கறாங்க.

ரகசியம்னு சொன்னீங்க. அதனால நாலு பேருக்குத்தான் சொன்னேன்.

உங்க ரசிகை,
சுவேதா


சென்னை
14 ஜூன் 2025

அன்புள்ள சுவேதா,

நலம். அந்த நாலு பேரோடு நிறுத்திக்கொள். படம் எதுவும் இணையத்தில் ஏறக்கூடாது.

விஷயம் இதுதான். எங்கள் தலைமைப் பொறியாளர் கோபால்சாமி சாருக்குப் பின்சக்கரம் பிடிக்கவில்லை. "பின்சக்கரத்தைச் சுழற்ற நடுவில் தண்டு ஓடுது, பின்சீட்டில் கால் வைக்க இடமில்லை, ஈரத்தில் வழுக்கும். எதுக்கும்மா இந்த வம்பு?" என்கிறார். சேற்றில் ஏறாவிட்டால் முன்சக்கர வண்டியாக மாற்றிவிடுவார். என் மூன்று வருட உழைப்பு போய்விடும். சக்கரம் வழுக்கும்போது எஞ்சின் எவ்வளவு அடங்க வேண்டும் என்று முடிவு செய்வது என் மென்பொருள்.

வியாழனன்று ஓட்டுநர் ராஜாக்கண்ணு அண்ணன் வருகிறார். வளைவைக் காட்டு. காரில் அவரைத் தவிர எதுவும் இருக்கக் கூடாது. பின்னால் எடை இருந்தால் எந்தப் பின்சக்கர வண்டியும் ஏறிவிடும். காலி கார் ஏறணும்.

அன்புடன்,
கோகிலவாணி


புதூர்நாடு
19 ஜூன் 2025

அக்கா,

வண்டி வந்துச்சு. உருவம் தெரியக்கூடாதுன்னு கறுப்பு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி, வரிக்குதிரை மாதிரி. எங்க ஆடுங்க மரியாதையா ஒதுங்கிப் போச்சு.

காலைல போன தடவையெல்லாம் வளைவுல பின்பக்கம் ஆடி நின்னுடுச்சு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. வூட்ல சாமைச் சோறு போட்டோம். சாப்ட்டு முடிச்சு, நீங்க அனுப்பின புது செட்டிங்கை அண்ணன் லேப்டாப்லேர்ந்து ஏத்தினாரு. மழையும் விடல. மறுபடி போனா, ஒரே மூச்சுல ஏறிடுச்சு.

"உங்கக்கா கெட்டிக்காரிம்மா"ன்னாரு அண்ணன். எங்கப்பா சடையன்கூட "பரவால்லியே"ன்னாரு. இதுவரைக்கும் அவரு ஜீப்பைத் தவிர யாரையும் அப்டிச் சொன்னதில்ல.

துள்ளிக்கிட்டிருக்கற,
சுவேதா


சென்னை
23 ஜூன் 2025

அன்புள்ள சுவேதா,

சாரிடம் சோதனை முடிவைக் காட்டினேன். வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடுகிறார். வண்டி பின்சக்கர வண்டியாகவே வரும். ஆலங்காயத்துக்குப் போன் போட்டேன், அம்மாவோடு சேர்ந்து நானும் அழுதேன்.

ஒரு சின்னத் தலைவலி. காருக்குள் இனிப்பாக ஏதோ மணக்கிறதாம். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் கசிந்தால் இப்படித்தான் தித்திப்பாக மணக்கும். புனேயிலிருந்து வந்த பொறியாளர்கள் இருவர் டேஷ்போர்டையே கழற்றி வைத்துத் தேடுகிறார்கள். எனக்கு ஜலதோஷம், ஒன்றும் தெரியவில்லை.

அன்புடன்,
கோகிலவாணி


புதூர்நாடு
24 ஜூன் 2025

அக்கா,

டேஷ்போர்டை மாட்டச் சொல்லுங்க.

உங்க மெயிலைச் சத்தமா படிச்சேன். "இன்னாப்பா, கார்ல இனிப்பா வாசனையாம்"னேன். "அதுக்குள்ள பழுத்துடுச்சா?"ன்னு கேட்டாரு அப்பா.

அண்ணன் சாப்டறப்ப, உங்களுக்குன்னு அப்பா ரெண்டு பலாக்காயை டிக்கில வெச்சுட்டாராம். உருளக்கூடாதுன்னு அடிப்பலகையைத் தூக்கி, ஸ்டெப்னி வெக்கிற காலிக் குழிக்குள்ள. ரெண்டும் சேந்து அம்பது கிலோ வரும். "வூட்டுக்கு வந்தவங்கள வெறுங்கையோட அனுப்புவாங்களா?"ன்னு என்னையே திட்டறாரு.

வண்டிய ஏத்தினது உங்க செட்டிங்கா, பலாக்காயான்னு இப்ப யாருக்கும் தெரியாது. இந்த மெயிலை எழுதி எழுதி அழிச்சேன். நான் சொல்லலன்னா வெள்ளிக்கெழம கையெழுத்து. ஆனா நாளைக்கு மழைல யாராச்சும் ஒருத்தங்க தனியா இந்த வண்டில வருவாங்க. வளைவுக்கு அந்தப் பக்கம் பள்ளம் அக்கா.

கோவமா இருந்தா பதில் போடாதீங்க. பரவால்ல.

சுவேதா


சென்னை
27 ஜூன் 2025

என் அன்புத் தங்கை சுவேதாவுக்கு,

கோபமில்லை. சாரிடம் நானே போய்ச் சொன்னேன். கையெழுத்துக்கு எடுத்த பேனாவை மூடி வைத்தார். பிறகு, "பழம் எங்கே?" என்றார்.

புனேக்காரர்கள் கையெல்லாம் பலாப் பிசின். சுளையைத் தின்றுகொண்டே சார் சொன்னார்: "இரண்டு வாரம் தர்றேன். செட்டிங்கைச் சரி பண்ணு. மலைக்கு நானே வர்றேன். காலி கார். நீதான் ஓட்டணும். ஏறலைன்னா இந்தப் பேச்சையே விட்டுடலாம்."

அப்பாவுக்கு என் நன்றியைச் சொல். அன்றைக்கு மட்டும் அவர் டிக்கிப் பக்கம் வர வேண்டாம்.

அக்கா,
கோகிலவாணி


புதூர்நாடு
12 ஜூலை 2025, சனி

அக்கா,

இன்னிக்கு நீங்க காருக்குள்ள இருந்தீங்க. வெளிய நடந்தது உங்களுக்குத் தெரியாது, அதான் எழுதறேன்.

வளைவுல நீங்க திரும்பினதும் வண்டியோட பின்பக்கம் பள்ளத்தைப் பாத்து நகந்துச்சு. வேடிக்கை பாக்க வந்த எங்க ஊர் ஜீப்புக்காரங்க எல்லாம் தள்றதுக்கு ஓடினாங்க. எங்கப்பாதான் கையை விரிச்சு மறிச்சாரு. "யாரும் தொடாதீங்கடா"ன்னாரு. சக்கரம் வெட்டியா சுத்தறது அடங்கி, நின்னாப்ல நின்னு, மண்ணைப் புடிச்சுச்சு. அப்புறம் அவசரமே இல்லாம ஏறிப் போய்ட்டீங்க.

காலி கார்னதால சார் நடந்துதானே வரணும். சேத்துல செருப்பைக் கைல புடிச்சுக்கிட்டு ஏறினாரு, நானும் கூடப் போனேன். பாதி வழில மூச்சு வாங்க நின்னவரு, போனை எடுத்து யார்கிட்டயோ, "முன்சக்கர டிசைன் வேலையை நிறுத்திடுங்க. கோகிலவாணி வண்டிதான்"னாரு.

அப்பத்தான் என்னைப் பாத்தாரு. "திங்கக்கெழம நானே அவங்ககிட்ட சொல்றேன். நீ சொல்லிடாதம்மா"ன்னாரு. "சரிங்க சார்"னேன்.

அவர் சொல்றப்ப இப்பத்தான் கேக்கற மாதிரி மூஞ்சை வெச்சுக்கோங்க.

உங்க தங்கச்சி,
சுவேதா